ரோமர்களின் டிசம்பர்: சாட்டர்ன், ஜானஸ், ஆண்டு முடிவு வழக்கங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் என்பதே ரோமர்களின் சாட்டர்னேலியா பண்டிகைதான், பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்று. ரோம சமயத்தைப் பற்றி விரும்பிப் படிப்பவன் என்பதால் நண்பர்கள் அதை எனக்கு அனுப்பி, "இது சரிதானா?" என்று கேட்பார்கள். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கிற விஷயம் அல்ல அது. ரோமர்களின் ஆண்டு முடிவு ஒரே பண்டிகையாக இருக்கவில்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாளுக்கு ஒரு தெய்வம், தெய்வத்துக்கு ஒரு காரணம் என்று நீண்ட வரிசை அது. அந்தத் தெய்வங்கள் போய்விட்டன. அவர்கள் முன்னால் மனிதர்கள் செய்த சில காரியங்கள் மட்டும் கைப்பழக்கமாகத் தங்கிவிட்டன. எது தங்கியது, எது தங்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ரோமர்களுக்கு ஆண்டு எப்போது முடிந்தது?

தொடக்க காலத்தில் மார்ச்தான் முதல் மாதம். மாதப் பெயர்களே இதற்குச் சாட்சி. செப்டம்பர் என்றால் ஏழாவது, அக்டோபர் எட்டாவது, நவம்பர் ஒன்பதாவது, டிசம்பர் பத்தாவது. பன்னிரண்டாம் மாதத்தை நாம் இன்றும் 'பத்தாவது' என்றுதான் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கி.மு. 153-இல் கான்சல்கள் என்ற, ஆண்டுதோறும் மாறும் தலைமை ஆட்சியாளர்கள் பதவியேற்கும் நாளை மார்ச் 15-இலிருந்து ஜனவரி 1-க்கு முன்னே நகர்த்தினார்கள். ஸ்பெயினில் செகெடா நகரத்தோடு போர் மூண்டிருந்தது. படைத்தலைவர் சீக்கிரம் புறப்பட வேண்டியிருந்தது. ரோமர்கள் ஆண்டுகளைக் கான்சல்களின் பெயரால்தான் குறித்தார்கள். அதனால் அவர்கள் பதவியேற்ற நாளே ஆண்டுப் பிறப்பாக நிலைத்துவிட்டது. டிசம்பர் 31 நள்ளிரவில் உலகம் விழித்திருப்பதற்குப் பின்னால் ஒரு படையெடுப்பின் அவசரமும் இருக்கிறது.

சாட்டர்ன் என்பது நம் சனீஸ்வரன்தானா?

கோள் ஒன்று; தெய்வங்கள் வேறு. நம்முடைய சனி சூரியனின் மகன், காகத்தை வாகனமாகக் கொண்டவர், ஏழரை ஆண்டு பிடிப்பவர். ரோமர்களின் சாட்டர்ன் கையில் அரிவாளோடு நிற்கும் வேளாண் தெய்வம். தன் நாட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கப்பலேறி இத்தாலிக்கு வந்தார், அங்கே ஆண்டுகொண்டிருந்த ஜானஸ் என்ற வாசல் தெய்வம் அவரை வரவேற்றார், வந்தவர் பயிர்த்தொழிலைக் கற்றுக்கொடுத்தார் என்பது கதை. அவர் ஆண்ட காலம் பொற்காலம்: சொத்துக்கு வேலி இல்லை, அடிமை என்று ஒருவரும் இல்லை. இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பண்டிகையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது கிழமையில் இருக்கிறது. கோள்களின் பெயரால் ஏழு நாட்களை வரிசைப்படுத்தும் முறை மத்தியதரைக் கடல் பக்கத்துச் சோதிடத்திலிருந்து இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. பாம்பேய் நகரச் சுவர் ஒன்றில் கிழமைத் தெய்வங்களின் பட்டியலை யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். அது சாட்டர்னிலிருந்துதான் தொடங்குகிறது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் அந்த ஊர் புதைவதற்கு முன் கீறியது. நாம் சனிக்கிழமை என்று சொல்லும்போது அதே வரிசையைத்தான் சொல்கிறோம்.

தெய்வத்தின் காலைக் கட்டி வைத்திருந்தார்களாமே?

ஆம். ரோம மன்றத்தில், அதாவது ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்தில் இருந்த கோயிலில் சாட்டர்ன் சிலையின் கால்கள் ஆண்டு முழுவதும் கம்பளிக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். அவருடைய பண்டிகை நாளில் மட்டும் அவிழ்ப்பார்கள். 5-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மக்ரோபியஸ் இதற்கு ஒரு பழைய விளக்கத்தைச் சொல்கிறார்: கருவில் இருக்கும் உயிர் மெல்லிய கட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்து பத்தாவது மாதத்தில் வெளியே வருகிறது, விதையும் அப்படித்தான், டிசம்பர் பத்தாவது மாதம். ரோமர்கள் தந்த விளக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சிலை தந்தத்தால் ஆனது, காய்ந்து வெடிக்காமலிருக்க உள்ளே எண்ணெய் நிரப்பி வைத்திருந்தார்கள் என்று முதல் நூற்றாண்டு எழுத்தாளர் மூத்த பிளினி குறித்திருக்கிறார்.

அந்தக் கோயில் இன்றும் இருக்கிறதா?

எட்டுத் தூண்கள் நிற்கின்றன. கோயில் கி.மு. 497-இல் அர்ப்பணிக்கப்பட்டது என்பது மரபு. இன்று காண்பது 4-ஆம் நூற்றாண்டில், தீ விபத்துக்குப் பிறகு எடுத்துக் கட்டியது. 'தீயில் அழிந்ததை செனட்டும் ரோம மக்களும் மீட்டுக் கட்டினர்' என்ற கல்வெட்டு நெற்றியில் இருக்கிறது. அரசின் கருவூலமும் இதே கோயிலில்தான் இருந்தது.

சாட்டர்னேலியா எத்தனை நாள் நடந்தது?

முதலில் ஒரே நாள், டிசம்பர் 17. பிறகு நீண்டுகொண்டே போய் ஒரு வாரமானது. ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தி டிசம்பருக்கு இரண்டு நாள் கூட்டியதும் ஒரு காரணம். ரோமர்கள் தேதியை அடுத்த மாதப் பிறப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். 'ஜனவரிப் பிறப்புக்கு முன் 14-ஆம் நாள்' என்றால் பழைய கணக்கில் 17, புதிய கணக்கில் 19. சிலர் 17-இல் கொண்டாடினார்கள், சிலர் 19-இல். நடுவில் இருந்த நாளும் பண்டிகையாகிவிட்டது. நீதிமன்ற விடுமுறையைச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் மூன்று நாளாக வரையறுத்தார். பின்னால் வந்த சக்கரவர்த்தி கலிகுலா அதை ஐந்து நாளாக்கினார். மக்கள் எந்த ஆணைக்கும் காத்திருக்கவில்லை.

ஊரே சேர்ந்து கொண்டாடும் பொது விருந்தாக இது வடிவெடுத்தது கி.மு. 217 வாக்கில், கார்த்தேஜின் தளபதி ஹானிபால் இத்தாலிக்குள் புகுந்து ரோமப் படைகளை நொறுக்கிக்கொண்டிருந்த காலத்தில். சாட்டர்ன் கோயிலில் பலி, தெய்வங்களுக்கு மஞ்சமிட்டு விருந்து, தெருவெங்கும் இரவும் பகலும் 'சாட்டர்னேலியா' என்ற முழக்கம், இந்த நாளை என்றைக்கும் கொண்டாட வேண்டும் என்ற அறிவிப்பு. அவ்வளவும் அச்சத்தின் நடுவில் எடுத்த முடிவுகள். இத்தனை மகிழ்ச்சியான விழாவின் பின்னால் இவ்வளவு பயம் இருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு அந்த முழக்கமே வேறு மாதிரி கேட்டது.

அன்று என்னதான் செய்வார்கள்?

பள்ளி இல்லை, நீதிமன்றம் இல்லை. போர் தொடங்குவதும் குற்றவாளிக்குத் தண்டனை நிறைவேற்றுவதும் பாவம். ரோமக் குடிமகனின் அடையாளமான கனத்த வெள்ளைத் தோகாவைக் கழற்றிவிட்டு, விருந்துக்கு உடுத்தும் வண்ண உடையில் தெருவிலேயே நடப்பார்கள். தலையில் பிலியஸ் என்ற கம்பளிக் குல்லாய். விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய் அது. அந்த நாட்களில் எல்லாரும் அணிந்தார்கள். எதிரே வருபவரைப் பார்த்து 'யோ சாட்டர்னேலியா!' என்று கூவுவது வாழ்த்து.

சூதாட்டம் சட்டப்படி குற்றம். இந்த வாரம் மட்டும் விலக்கு. பெரியவர்கள் காசு வைத்துத் தாயக்கட்டை உருட்டினார்கள், பிள்ளைகள் கொட்டைகளை வைத்து ஆடினார்கள். விழா முடிந்த மறுநாளைக் கவிஞர் மார்ஷியல் இப்படிக் காட்டுகிறார்: கொட்டைகளை விட்டுவிட்டு முகம் வாடிப் போகும் சிறுவனை வாத்தியார் கத்திக் கூப்பிடுகிறார், மதுக்கடையிலிருந்து இழுத்துவரப்பட்ட சூதாடி அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். விடுமுறை முடிந்த திங்கட்கிழமைக் காலையை அறிந்த எவருக்கும் அந்தச் சிறுவனைத் தெரியும்.

அதே பிள்ளைகள் காசைச் சுண்டியும் விளையாடினார்கள். நாம் 'பூவா தலையா' என்கிறோம். அவர்கள் 'தலையா கப்பலா' என்றார்கள். பழைய வெண்கலக் காசின் ஒரு பக்கம் ஜானஸின் தலை, மறுபக்கம் கப்பல் முகப்பு. சாட்டர்ன் வந்து இறங்கிய கப்பல் அது என்று ரோமர்கள் கதை சொல்வார்கள்.

அடிமைகள் உண்மையிலேயே எஜமானர்கள் ஆனார்களா?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். பலரும் 'அன்று எல்லாம் தலைகீழ், எஜமானன் அடிமைக்குப் பரிமாறினான்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பழைய எழுத்தாளர்கள் சொல்வது ஒரே மாதிரி இல்லை. சிலர் எஜமானர்கள் அடிமைகளோடு சேர்ந்து உண்டார்கள் என்கிறார்கள். சிலர் அடிமைகளுக்கு முதல் பந்தி என்கிறார்கள். சிலர் எஜமானர்களே பரிமாறினார்கள் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு வேறுபட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சாட்டர்ன் ஆண்ட காலத்தில் அடிமை இல்லை, அவர் நாளில் அந்தக் காலத்தை நினைவுகூர்கிறோம்.

ஆனால் நினைவுகூர்தல் வேறு, விடுதலை வேறு. கவிஞர் ஹொரேஸ் எழுதிய அங்கதப்பா ஒன்றில் தாவுஸ் என்ற அடிமை, 'டிசம்பர் சுதந்திரத்தை'ப் பயன்படுத்திக்கொண்டு எஜமானனின் குறைகளை முகத்துக்கு நேராகச் சொல்கிறான். உண்மையில் யார் அடிமை, ஆசைகளுக்கு அடங்கிக் கிடக்கும் நீயா, நானா என்று கேட்கிறான். எஜமானன் கல்லைத் தேடுகிறான், அம்பைத் தேடுகிறான், கடைசியில் சொல்கிறான்: உடனே இங்கிருந்து போய்விடு, இல்லாவிட்டால் பண்ணையில் ஒன்பதாவது கூலியாளாக வேலை செய்வாய். அந்தச் சுதந்திரம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கி.பி. 43-இல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டன் மீது படையெடுக்கக் கப்பலேற மறுத்த வீரர்களிடம் பேசுவதற்காகச் சக்கரவர்த்தி கிளாடியஸ், நர்சிஸஸ் என்பவரை அனுப்பினார். முன்னாள் அடிமை அவர். தளபதியின் மேடையில் அவர் ஏறி நின்றதும் வீரர்கள் ஒரே குரலில் 'யோ சாட்டர்னேலியா!' என்று கூவினார்கள். பேச விடவில்லை. பிறகு தங்கள் தளபதியைப் பின்தொடர்ந்து கப்பலேறிவிட்டார்கள். பண்டிகையின் வாழ்த்து, ஒரு மனிதனுக்கு அவன் பழைய நிலையைச் சுட்டிக்காட்டும் கல்லாகவும் பயன்பட்டிருக்கிறது.

வயலில் உழைத்த அடிமைகளுக்கு என்ன கிடைத்தது? பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய மூத்த கேட்டோ கணக்கோடு சொல்கிறார்: சாட்டர்னேலியாவுக்கும், முச்சந்தித் தெய்வங்களின் விழாவான கம்பிடாலியாவுக்கும் ஆளுக்கு மூன்றரை காங்கியஸ் மது. ஏறக்குறைய 11 லிட்டர். நோயுற்ற அடிமையையும் வயதான அடிமையையும் விற்றுவிடச் சொன்ன அதே மனிதர்தான் இந்த அளவையும் எழுதி வைத்தார்.

'சாட்டர்னேலியா ராஜா' என்பது யார்?

சீட்டுப் போட்டு வீட்டில் ஒருவரை ராஜா ஆக்குவார்கள். அவர் சொன்னதை மற்றவர்கள் செய்ய வேண்டும்: பாடு, ஆடு, தண்ணீரில் குதி. சிரிப்பதற்கான விளையாட்டு. கி.பி. 54 டிசம்பரில் அரண்மனையில் சீட்டு விழுந்தது புதிய சக்கரவர்த்தி நீரோவுக்கு. அவர் 13 வயது பிரிட்டானிகஸை எழுந்து நின்று பாடச் சொன்னார். கிளாடியஸின் சொந்த மகன் அவன். அரியணை அவனுக்கு வந்திருக்க வேண்டியது. சிறுவன் அவமானப்படுவான் என்று நீரோ எதிர்பார்த்தார். அவனோ தந்தையின் வீட்டையும் பதவியையும் இழந்தவனைப் பற்றிய பாட்டைத் தயங்காமல் பாடினான். இரவும் குடியும் மறைப்புகளைக் களைந்திருந்ததால் கேட்டவர்கள் இரக்கத்தை ஒளிக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பிரிட்டானிகஸ் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டான்.

என்னென்ன பரிசுகள் கொடுத்தார்கள்? அதில் நம் ஊர்ப் பொருள் ஏதாவது இருந்ததா?

இருந்தது: மிளகு.

மெழுகுவர்த்திகளும், சிகில்லாரியா என்று பெயர் பெற்ற சிறு மண் பொம்மைகளும்தான் மரபான பரிசுகள். பொம்மைகளுக்கென்றே தனிச் சந்தை கூடியது. மார்ஷியல் கி.பி. 80-களில் பரிசோடு இணைத்து அனுப்புவதற்கென்றே இரண்டிரண்டு வரிக் கவிதைகளாக இரண்டு தொகுதிகள் எழுதினார். ஒன்றில் பெரும்பாலும் உணவும் மதுவும். மற்றொன்றில் பல்குத்தி முதல் கிளி வரை, சீப்பு முதல் தோலில் எழுதிய ஹோமர் வரை. பணக்காரன் கொடுப்பதும் ஏழை கொடுப்பதும் அடுத்தடுத்து வரும். அதில் மிளகுக்கும் ஒரு கவிதை இருக்கிறது: கொழுத்த சிறு பறவைக் கறி உன் பங்காகக் கிடைத்தால், அறிவிருந்தால் மிளகு சேர் என்கிறது. இன்னொரு கவிதையில் ஒரு வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர்கள் அனுப்பிய பரிசுகளின் பட்டியல் வருகிறது: கோதுமை, உடைத்த மொச்சை, தொத்திறைச்சி, அத்திப்பழம், வெங்காயம், நத்தை, பாலாடைக்கட்டி, இவற்றோடு குந்திரிக்கமும் மிளகுமாக ஒன்றரை ராத்தல்.

அந்தக் கருமிளகு போனது மேற்குக் கரையிலிருந்து, சேரநாட்டு முசிறி போன்ற துறைமுகங்கள் வழியாக. யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் முசிறி என்று அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறதே, அந்தக் கறி இதுதான். ரோமில் கருமிளகு ராத்தல் 4 தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு என்று மூத்த பிளினி விலை குறித்திருக்கிறார். மன்றத்துக்கு அருகில் மிளகுக்கென்றே சக்கரவர்த்தி டொமிஷியன் கிடங்கு கட்டினார். நம் பக்கத்துக் கொடியில் காய்த்தது சாட்டர்னின் பண்டிகையில் பரிசாகக் கைமாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு ஊர்களும் திடீரென்று பக்கத்தில் வந்துவிடும்.

அகஸ்டஸ் பரிசு கொடுத்த விதமும் கேட்கத் தகுந்தது. மனம் வந்தால் துணி, பொன், வெள்ளி, அந்நிய நாட்டு அரசர்களின் பழைய காசுகள். சில சமயம் மயிர்க்கம்பளம், கடற்பஞ்சு, அடுப்புக் கிளறும் கம்பி, இடுக்கி. வாங்குபவர் என்ன வருமென்று தெரியாமல் காத்திருப்பதுதான் விளையாட்டு.

எல்லாருக்கும் இந்த ஆரவாரம் பிடித்திருந்ததா?

இல்லை. ஒரு காலத்தில் டிசம்பர் ஒரு மாதமாக இருந்தது, இப்போது ஆண்டு முழுவதும் டிசம்பர்தான் என்று தத்துவஞானி செனகா கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். இளைய பிளினி கடலோர மாளிகையில் ஒதுக்கமான அறைக்குள் போய்விடுவார்: வீட்டாரின் கூத்து என் படிப்பைக் கெடுக்காது, என் படிப்பு அவர்கள் கூத்தைக் கெடுக்காது என்று. கத்துல்லஸ் என்ற கவிஞருக்கோ அது 'நாட்களிலெல்லாம் சிறந்த நாள்'.

டிசம்பரில் வேறு தெய்வங்களுக்கு விழா இல்லையா?

நிறைய இருந்தது. 15-இல் களஞ்சியத் தெய்வம் கோன்சுஸ். குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் வேலை கிடையாது, மாலை சூட்டுவார்கள். 19-இல் விளைச்சலின் தெய்வமான ஓப்ஸ், சாட்டர்னின் மனைவி. மண்ணில் உட்கார்ந்து, தரையைத் தொட்டபடி அவளை வேண்ட வேண்டும். 21-இல் ஆஞ்செரோனா, வாய் கட்டி முத்திரையிடப்பட்ட சிலை அவளுடையது. 23-இல் லாரென்டாலியா, ஆக்கா லாரென்டியாவுக்குச் செய்யும் நீத்தார் கடன்.

சாட்டர்னுக்கு நரபலி கொடுத்தார்கள் என்கிறார்களே?

பழங்காலத்தில் மனிதத் தலை கேட்கப்பட்டது, பிறகு முகமூடிகளும் மெழுகுவர்த்திகளும் அதற்கு ஈடாக வந்தன என்று ரோமர்களே கதை சொன்னார்கள். வழக்கத்துக்குக் காரணம் தேடிச் சொன்ன கதை அது. வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாளா? கிறிஸ்துமஸ் அங்கிருந்துதான் வந்ததா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சாட்டர்னேலியா 17-இல் தொடங்கி 23-இல் முடிந்துவிடும். 25-ஆம் தேதிக்கும் சாட்டர்னுக்கும் தொடர்பே இல்லை. அந்தத் தேதியில் வருபவர் வேறு தெய்வம்: சோல் இன்விக்டஸ், 'வெல்லப்படாத சூரியன்'. சீசரின் நாட்காட்டியில் டிசம்பர் 25-ஐத்தான் பகல் மிகக் குறுகிய நாளாக வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து சூரியன் மீண்டும் வளர்கிறது.

சக்கரவர்த்தி ஆரேலியன் கி.பி. 274-இல் இந்தச் சூரியனுக்கு ரோமில் பெரிய கோயில் அர்ப்பணித்தார். பலரும் அப்போதே டிசம்பர் 25 திருவிழாவையும் அவர் ஏற்படுத்தியதாக எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தேதியில் சூரியனின் விழாவைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்று, கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பு. அதில் டிசம்பர் 25-க்கு நேரே 'வெல்லப்படாதவரின் பிறப்பு, 30 தேரோட்டங்கள்' என்று இருக்கிறது. அதே தொகுப்பின் வேறொரு பகுதி, அதே தேதியில், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. அந்தப் பகுதி கி.பி. 336 வாக்கில் தொகுத்தது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இரண்டு பிறப்புகளும் ஒரே தொகுப்பில், பக்கம் மட்டும் வேறு.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? ஒரு சாரார், சூரிய விழாவை எதிர்கொள்ளத் திருச்சபை அந்த நாளைத் தேர்ந்தது என்கிறார்கள். மற்றொரு சாரார் கணக்கைக் காட்டுகிறார்கள்: இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்ற மரபு மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இருந்தது, கருவுற்ற நாளும் இறந்த நாளும் ஒன்றே என்று கொண்டால் ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25. என் எண்ணம், இரண்டில் ஒன்றைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. வெளிச்சம் திரும்பும் நாள் இரு தரப்பையும் ஈர்த்தது. 5-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ வருத்தத்தோடு சொன்னதைப் பாருங்கள்: புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறிய கிறிஸ்தவர்கள், உள்ளே போகும் முன் திரும்பி நின்று உதிக்கும் சூரியனுக்குத் தலைவணங்கினார்கள். 'திருடினார்கள்' என்ற சொல் அந்தப் படிகளில் நின்றவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர்கள் தாத்தா செய்ததைச் செய்தார்கள், பிறகு பூசைக்குப் போனார்கள்.

மித்ராஸ் என்ற தெய்வமும் டிசம்பர் 25-இல் பிறந்தவர்தானே?

அப்படிச் சொல்லும் பழைய சான்று எதுவுமில்லை.

ஜானஸுக்கு ஏன் இரண்டு முகம்?

வாசலுக்கு இரண்டு பக்கம் இருப்பதால். உள்ளே ஒரு பக்கம், வெளியே ஒரு பக்கம். கதவு, வழி, தொடக்கம் எல்லாம் அவருடையவை. எந்தத் தெய்வத்துக்குப் பலி கொடுத்தாலும் முதல் அழைப்பு ஜானஸுக்கு. கிரேக்கர்களிடம் இவருக்கு இணையான தெய்வமே இல்லை என்று ரோமர்கள் பெருமையோடு சொல்வார்கள். ஜனவரி என்பது அவர் பெயர்.

மன்றத்தில் இருந்த அவருடைய வாயிலைப் போர்க்காலத்தில் திறந்தே வைப்பார்கள். எங்கும் போர் இல்லாதபோதுதான் மூடுவார்கள். ரோமின் தொடக்க கால மன்னர் நூமாவின் காலத்துக்குப் பிறகு கி.மு. 235-இல் ஒருமுறை மூடினார்கள். தன் ஆட்சியில் மூன்று முறை மூடப்பட்டதாக அகஸ்டஸ் தன் வாழ்க்கைச் சாசனத்தில் பொறித்து வைத்தார். நூற்றாண்டுக் கணக்கில் திறந்தே கிடந்த கதவு அது.

ஜனவரி 1 அன்று என்ன வழக்கம்?

ஓவிட் என்ற கவிஞர் ஜானஸையே நேரில் பார்த்துக் கேள்வி கேட்பதுபோல் பாடியிருக்கிறார். அன்று ஏன் ஒருவருக்கொருவர் நல்ல சொல் சொல்கிறோம்? தொடக்கத்தில்தான் சகுனம் இருக்கிறது, கோயில்களும் தெய்வங்களின் காதுகளும் திறந்திருக்கும் நேரம் என்கிறார் ஜானஸ். பேரீச்சை, உலர்ந்த அத்தி, தேன் ஏன்? ஆண்டு தொடங்கிய சுவையிலேயே ஓடி முடியட்டும் என்று. சரி, காசு எதற்கு? ஜானஸ் சிரித்துவிடுகிறார்: தேன் காசைவிட இனிப்பானது என்று நினைத்தால் உன் காலத்தையே நீ அறியவில்லை.

அன்று முழு விடுமுறையும் இல்லை. ஒவ்வொருவரும் தன் தொழிலை ஒரு பேருக்காவது தொட்டுவைப்பார்கள். நீதிமன்றமும் சற்று நேரம் நடக்கும். தொடக்கம் சோம்பலானால் ஆண்டு முழுவதும் சோம்பலாகிவிடும்.

இந்தப் புத்தாண்டுப் பரிசுகளுக்கு ஸ்ட்ரெனே என்று பெயர். ஸ்ட்ரெனியா என்ற பெண் தெய்வத்தின் தோப்பிலிருந்து கிளைகள் கொண்டுவந்த வழக்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். அகஸ்டஸ் தமக்கு வந்த காசைக் கொண்டு தெய்வச் சிலைகள் வாங்கி நகரத்தின் தெருப்பகுதிகளில் நிறுவினார். டைபீரியஸ் வாங்கியதற்கு நான்கு மடங்கு திருப்பிக் கொடுத்தார். ஜனவரி முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் சலித்துப்போய், முதல் தேதிக்குப் பிறகு கூடாது என்று ஆணையிட்டார். கலிகுலா வாசலிலேயே நின்று காசை வாங்கிக்கொண்டார்.

கம்பிடாலியா என்றால் என்ன?

முச்சந்தித் தெய்வங்களின் விழா. தெருக்கள் சந்திக்கும் இடங்களில் லாரேஸ் என்ற காவல் தெய்வங்களுக்குச் சிறு கோயில்கள் இருந்தன; கி.பி. 73-இல் ரோமில் இப்படி 265 சந்திகள். சாட்டர்னேலியாவுக்குப் பிறகு, பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில், அதிகாரி நாள் அறிவிப்பார். முந்தைய இரவு வீட்டில் எத்தனை சுதந்திர மனிதர்களோ அத்தனை கம்பளிப் பொம்மைகளையும், எத்தனை அடிமைகளோ அத்தனை கம்பளி உருண்டைகளையும் சந்தியில் தொங்கவிடுவார்கள். உயிருள்ளவர்களை விட்டுவிட்டு இவற்றை எடுத்துக்கொள் என்ற வேண்டுதல். சுதந்திர மனிதனுக்கு உருவம் உண்டு, அடிமைக்கு வெறும் உருண்டை. ஆனால் அந்தத் தெய்வங்களுக்குப் பணி செய்தவர்கள் அடிமைகள்தான். அவர்கள் கைதான் லாரேஸுக்குப் பிடிக்கும் என்று நம்பினார்கள்.

திருச்சபை இவற்றைத் தடுக்கவில்லையா?

தடுத்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது. மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் சாட்டர்னேலியாவையும் ஜனவரியையும் கொண்டாடுகிறார்கள், பரிசுகள் போய்வருகின்றன, வாசலில் விளக்கும் புன்னை இலைபோன்ற லாரல் தழையும் தொங்குகின்றன என்று கடிந்தார். கி.பி. 400-இல் அமாசியா ஆயர் அஸ்டீரியஸ், வெள்ளித்தாள் ஒட்டிய பழங்களோடு பிள்ளைகள் வீடு வீடாகப் போய், கொடுத்ததைப்போல இரு மடங்கு வாங்கி வருவதைக் கண்டித்தார். 692-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் ஜனவரிப் பிறப்புக் கொண்டாட்டத்தை மீண்டும் தடை செய்தது. தெர்த்துல்லியனுக்கும் அந்தத் தடைக்கும் நடுவே ஏறக்குறைய 500 ஆண்டுகள்.

அப்படியானால் இன்றைய கிறிஸ்துமஸில் எது ரோமர்களுடையது?

மரம் இல்லை, அது 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பகுதிகளில், அல்சாஸ் பக்கத்தில் எழுந்த வழக்கம். சாண்டாவுக்கு மூலமான நிக்கோலஸ் மைரா நகரத்து ஆயர். பசுந்தழைத் தோரணம், வாசல் விளக்கு, பரிசு, புத்தாண்டு வாழ்த்து ஆகியவை ரோமர்களிடம் இருந்தன என்பது உறுதி. அவற்றில் ஒவ்வொன்றும் அறுபடாமல் அங்கிருந்தே வந்தது என்று சொல்ல மாட்டேன். இருட்டான மாதத்தில் விளக்கேற்ற யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நூல் அறுபடாமல் வந்திருக்கிறது, சொல்லோடு சேர்த்து. இத்தாலியில் பண்டிகைப் பரிசை இன்றும் ஸ்ட்ரென்னா என்கிறார்கள். பிரான்சில் ஆண்டு முடிவில் கட்டடக் காவலாளிக்கும் தபால்காரருக்கும் கையில் வைக்கும் பணத்துக்கு எத்ரென் என்று பெயர். ஸ்ட்ரெனியாவின் தோப்பு மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. அருங்காட்சியகங்களில் அந்தக் காலத்துப் புத்தாண்டு மண்விளக்குகளைப் பார்க்கலாம்: உள்ளங்கையளவு, நடுவில் சிறகு விரித்த வெற்றித்தேவி, சுற்றிலும் பேரீச்சை, அத்தி, ஜானஸ் முகம் பதித்த காசு. அவள் பிடித்திருக்கும் கேடயத்தில் 'புத்தாண்டு நன்றாகவும் மகிழ்ச்சியாகவும் அமையட்டும்' என்று எழுதியிருக்கிறது.